கார்வெல் மாளிகையின் ரோஜாத் தோட்டம்

கார்வெல் மாளிகையின் பின்பக்கம் வந்ததும் கூட்டத்தை நிறுத்தி, கண்ணில் போட்டிருக்கும் கண்ணாடியில் ஆண்டை 1905க்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது வழிகாட்டி ஜபருல்லாவின் வழக்கம். எதிரே இருந்த தகரக் கூரைகளும் துணிக்கொடிகளும் பிளாஸ்டிக் குடங்களும் மறைந்துபோய், பளிங்கு நீரூற்று ஒன்றும் அதைச் சுற்றி வட்டவட்டமாக ரோஜாச் செடிகளும் தெரியும். வெள்ளைக் குடையோடு ஒரு துரைசானி நடந்துபோவாள்.

"இது கார்வெல் துரை தன் மனைவிக்காகப் போட்ட தோட்டம்" என்பார் ஜபருல்லா. எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பாரிமுனையில் தொடங்கித் துறைமுகம் வரை போகும் அந்த நடைச் சுற்றுலாவில், மக்கள் அதிகம் படம் எடுப்பது அந்த இடத்தில்தான்.

இளவயதில் அவர் ஒரு கட்டடக்கலைஞரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். அந்த அலுவலகம் மூடியபின் ஊரைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு வந்தார். செங்கல் நிற வளைவுகள், உருண்டை மூலைகள் கொண்ட பழைய சிமெண்டுக் கட்டடங்கள், காற்று புக ஜாலித் துளைச்சுவர் வைத்த அறுபதுகளின் அரசு அலுவலகங்கள், கடைசியாக வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிக் கோபுரம் என்று, மண்ணடியில் பிறந்த அவருக்கு எல்லாமே சொந்தக்காரர்கள் மாதிரி. 'முகப்பு' என்ற அந்தக் கண்ணாடி வந்தபோது, ஊரிலிருந்த வழிகாட்டிகளில் பெரும்பாலோருக்கு வேலை போயிற்று. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், எந்த ஆண்டைக் கேட்டாலும், அன்று அது எப்படி இருந்தது என்று அதுவே காட்டிவிடும். ஆனாலும் மக்களோடு சேர்ந்து நடக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அதனால் கண்ணாடி நிறுவனமே ஜபருல்லாவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

தோட்டம் தெரிந்த இடத்தில் உண்மையில் இருந்தது சுண்ணாம்புச் சந்து. ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலம். இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள். முதல் வீட்டு வாசலில் தையல் இயந்திரம் போட்டு, ரவிக்கை தைப்பவள் பவுனம்மாள். கூட்டம் வரும்போதெல்லாம் தன் வாசலையே எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பது அவளுக்குப் புரியவில்லை.

"இன்னா பாய் அப்படி பாக்குறாங்க என் வூட்ட?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

ஜபருல்லா சிரித்துக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் போட்டுப் பார்த்தாள். கையை நீட்டித் தையல் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் வூடு எங்க?"

"அந்தக் காலத்துல இது தோட்டம்மா."

"யாரு சொன்னா?"

"இதுதான் காட்டுதே."

"எங்க அம்மாவோட பாட்டி இந்த வூட்லதான் பொறந்திச்சி. சூளைல கிளிஞ்சல் சுட்டுச்சாம். பூச்செடி எங்கேர்ந்து வந்திச்சி?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். காலம் முன்பின் இருக்கும், வாய்வழிக் கதையில் வருடம் சரியாக இருக்காது என்று ஜபருல்லா நினைத்துக்கொண்டார். அத்துடன் அதை மறந்தும் போனார்.

மாளிகையை விடுதிக்காரர்கள் சிலர் வாங்கினார்கள். சில மாதங்களில் சந்துக்கு நோட்டீஸ் வந்தது. பாரிமுனை டீக்கடையில் கூட்டத்துக்காகக் காத்திருந்த ஜபருல்லாவைத் தேடிக்கொண்டு பவுனம்மாள் வந்தாள். அந்தக் காகிதத்தை அவர் முன்னால் பிரித்துப் பிடித்தாள்.

"படி பாய்."

அவர் படித்தார். 1905ல் கார்வெல் மாளிகைக்குச் சொந்தமான தோட்டமாக இருந்த நிலத்தில், பிற்காலத்தில் வீடுகள் ஆக்கிரமித்துக் கட்டப்பட்டுள்ளன. அவற்றை அகற்றித் தோட்டத்தைப் பழையபடி மீட்டுத்தர வேண்டும் என்பது வழக்கு. ஆதாரம், 'முகப்பு' காட்டும் காட்சி. பழைய நில வழக்குகளில் இத்தகைய மீளுருவாக்கக் காட்சியைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சட்டம் வந்து அதிக நாளாகவில்லை.

"தோட்டமாம். தெனமும் நீதான சொல்லிக்கினு இருந்த?" என்றாள் பவுனம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜபருல்லா நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். தரமணியில் இருந்தது. காட்சிகளைக் கட்டும் பிரிவில் மிருணாளினி என்ற பெண் இருந்தாள். ஜபருல்லா தன் சுற்றுலா வழியில் எந்தக் கட்டடத்தின் தூண் தவறாகத் தெரிகிறது என்று அவ்வப்போது போன் செய்து சொல்வார். அவளும் உடனே திருத்துவாள். அப்படித்தான் பழக்கம்.

"கார்வெல் பின்பக்கத்துக்கு எத்தனை போட்டோ வெச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

அவள் திரையில் தேடினாள். "லட்சக்கணக்குல இருக்கு சார்."

"நான் கேக்குறது பழைய போட்டோ. அந்தக் காலத்துலயே எடுத்தது."

இந்த முறை தேட நேரமானது. கடைசியில் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"முன்பக்கத்துக்கு நிறைய இருக்கு. பின்பக்கத்துக்கு ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் தோட்டம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"படம் இல்லாத எடத்த கண்ணாடி தானா நிரப்பிக்கும். அதே காலத்து மாளிகைங்கள்ல பின்பக்கம் பெரும்பாலும் என்ன இருந்துச்சோ, அத வெச்சு ஊகிக்கும். அந்த மாதிரி வீடுங்கள்ல படம் எடுத்தவங்க தோட்டத்ததான் எடுத்திருக்காங்க. வேலைக்காரங்க இருந்த எடத்த யாரும் எடுக்கல."

"ஊகம்னா அப்படின்னு காட்ட வேணாமா?"

"ஆரம்பத்துல காட்டிச்சு. ஊகமா இருக்குற எடமெல்லாம் சாம்பல் கலர்ல மங்கலா தெரியும். போட்டோ நல்லா வரலன்னு ஜனங்க புகார் பண்ணாங்க. அதனால எடுத்துட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துல."

"இப்ப திரும்பப் போட முடியாதா? அந்த ஒரு எடத்துக்கு மட்டும்?"

மிருணாளினி, பக்கத்து மேசைக்காரர் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அங்கதான் சார் சிக்கல். உங்க கூட வந்தவங்க எல்லாம் அந்தத் தோட்டத்தப் படம் எடுத்தாங்க இல்லையா. எடுத்து எல்லா எடத்துலயும் போட்டாங்க. அந்தப் படங்களயும் கண்ணாடி படிச்சிருக்கு. இப்ப அதுக்கு அது ஊகமே இல்ல. லட்சம் படம் சாட்சி இருக்குற தோட்டம். ஊரிலேயே உறுதியான எடம் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லும்."

"இத கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா?"

"என்னால முடியாது சார்" என்றாள். "மூணு மாசக் கைக்குழந்தை இருக்கு. வேலை போனா அவ்வளவுதான்." பிறகு ஏதோ நினைத்தவளாக, "நீங்க சொல்லலாம். ஆனா உங்களுக்கும் இதே கம்பெனிதான் சம்பளம் தருது" என்றாள்.

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்தது. அனுசூயா என்று பெயர். நரைத்த முடியை இழுத்துக் கட்டி, சத்தமில்லாத காலணி போட்டிருந்தார். காட்சியை முறைப்படி காட்ட நிறுவனம் ஜபருல்லாவையே அனுப்பியது. கூடவே, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும் என்று மேலாளர் ஒரு வரியும் அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு வந்தது அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய கூட்டம். ஆணையர், இரு பக்க வழக்கறிஞர்கள், பின்னால் சந்துக்காரர்கள். ஆணையர் முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும் என்றார். பாரிமுனையிலிருந்து ஒவ்வொரு கட்டடமாக நின்று, கண்ணாடியில் ஒருமுறையும் வெறுங்கண்ணால் ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். மாளிகையின் பின்பக்கம் வந்ததும் 1905க்கு மாற்றினார்.

"அழகா இருக்கு" என்றார்.

ஜபருல்லா அவர் பக்கம் திரும்பினார். "கண்ணாடியக் கழட்டுங்க மேடம்" என்றார்.

கழற்றினார்.

"இந்தத் தோட்டத்த யாரும் பார்த்ததில்ல. இதுக்கு அந்தக் காலத்துப் படம் ஒண்ணுகூட கிடையாது. கண்ணாடி தானா நிரப்பினது. நிரப்பினத ஜனங்க படம் எடுத்தாங்க, அந்தப் படத்தயே அது ஆதாரமா எடுத்துக்கிச்சு. அவ்வளவுதான் மேடம் இந்த ரோஜா."

விடுதிக்காரர்களின் வழக்கறிஞர் குறுக்கிட்டார். ஆணையர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது. மாநகராட்சிக்காரர்கள் சாக்கடைக் குழாய்க்காகச் சந்தின் நடுவே தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜபருல்லா ஆணையரை அங்கே அழைத்துப் போனார். குழியின் பக்கவாட்டில், ஒரு முழம் ஆழத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. கரியும் சாம்பலும் கலந்த கிளிஞ்சல்கள். "இது சூளை மண்ணு. இந்தத் தெருக் கட்டடத்துக்கெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழன்னு பூசினாங்களே, அந்தச் சுண்ணாம்ப சுட்ட எடம் இது. ரோஜாச் செடி வெக்கிற மண்ணு இல்ல."

பவுனம்மாள் குழியோரத்தில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணையர் கிளிஞ்சலையும் குழியையும் படமெடுத்தார். சந்துக்காரர்களையும் அவரவர் வாசலில் நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஜபருல்லாவுக்கு வேலை போயிற்று. ஊகமான இடங்களை மறுபடி மங்கலாகக் காட்ட வேண்டும் என்று கோர்ட்டில் மனு போடப்போவதாக மிருணாளினியிடம் போனில் சொன்னார்.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. சூளை இருந்தது உண்மையாகவே இருக்கட்டும், மாளிகை கட்டும்போது தற்காலிகமாகப் போட்டிருப்பார்கள், கட்டி முடிந்ததும் அதை மூடித் தோட்டம் வைத்திருப்பார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. சூளை இருந்ததற்குக் கிளிஞ்சல் சாட்சி. மனிதர்கள் குடியிருந்ததற்கு என்ன சாட்சி என்றது. காட்சியைப் புதிய தகவல்களோடு மறுபடி கட்டித் தரும்படி நீதிமன்றம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

சில வாரங்கள் கழித்து மிருணாளினி கூப்பிட்டாள். "கார்வெலுக்குப் போய்ப் பாருங்க சார். பழைய கண்ணாடி உங்ககிட்ட இருக்குல்ல?"

போய்ப் பார்த்தார். ரோஜாக்கள் இல்லை. நீரூற்று இல்லை. சந்து இருந்தது. ஓலைக் கூரைகள், அடுக்கி வைத்த விறகு, புகையும் சூளை, தலையில் கூடையோடு போகும் ஆண்கள். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து கிளிஞ்சல்களைச் சலித்துக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தினாள். பவுனம்மாளின் முகம். கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் கறுப்பாக, ஆனால் அதே அகன்ற நெற்றி, அதே ஏறிய புருவம்.

அவர் அங்கிருந்தே மிருணாளினியைக் கூப்பிட்டார். "இது யாரும்மா?"

"ஆணையர் எடுத்த படத்த எல்லாம் உள்ள குடுத்தோம் சார். கிளிஞ்சல், குழி, சந்துல இருக்குறவங்க முகம். சூளை இருந்தா வேலை செய்றவங்க இருக்கணும், வேலை செய்றவங்களுக்கு முகம் வேணும். பக்கத்துல கெடச்ச முகத்த எடுத்துக்கிச்சு."

"அப்ப இதுவும்..."

"தோட்டம் எந்த அளவுக்கு உறுதியோ, அந்த அளவுக்கு" என்றாள். போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "மங்கல் கலர் திரும்பக் கொண்டுவரணும்னு நீங்க மனு போடப் போறதா சொன்னீங்க. போட்டா ஜெயிப்பீங்க சார், மேல இருக்குறவங்களே பயந்து போயிருக்காங்க. ஆனா போட்டா இந்தச் சந்தும் சேர்ந்து மங்கிடும்."

சந்துக்காரர்களின் வழக்கறிஞருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆணையரை மறுபடி அழைத்து வந்து இதைக் காட்டினால் வழக்கு அங்கேயே முடிந்தது என்றார். கூட நடந்து காட்ட ஜபருல்லாவே வர வேண்டும். அன்று தோட்டம் பொய் என்று சொன்ன மனிதர் நின்றாலே போதும், வேறெதுவும் பேசக்கூட வேண்டாம் என்றார்.

ஜபருல்லா முதலில் பவுனம்மாளிடம் போனார். அவளுக்கு உண்மையைச் சொல்லாமல் இதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. சந்தே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டிருந்தது. யாரோ கண்ணாடி வாங்கி வந்திருந்தார்கள். முறை வைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் சூளைக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தன் தாத்தா என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

பவுனம்மாள் அவரை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"அது உங்க அம்மாவோட பாட்டி இல்லம்மா" என்றார் அவர். "உங்க மூஞ்சிய வெச்சு அதுவா செஞ்சது."

"தெரியும் பாய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தழும்பு" என்று தாடையைத் தொட்டுக் காட்டினாள். "நான் சின்னதுல சைக்கிள்லேர்ந்து வுழுந்தது. அந்தப் பொம்பளைக்கும் கீது. போட்டுப் பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி."

"மத்தவங்களுக்கு?"

"சொல்லல. இன்னான்னு சொல்றது? அந்தாளு இப்பதான் தாத்தா மொகத்தையே பாக்குறாரு."

வெளியே தையல் இயந்திரத்தின் மேல் யாரோ சாய்ந்துகொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நான் வந்து நின்னா, இத உண்மைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் ஜபருல்லா. "அன்னிக்கு அவங்கள கண்ணாடியக் கழட்டச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு இருந்துச்சு."

"அந்த வார்த்தைக்கு வேலை போச்சி ஒனக்கு. நாங்க மறக்கல" என்றாள் பவுனம்மாள். "நீ பொய் சொல்லுன்னு நான் கேக்கல பாய். எங்க ஜனம் இங்க இருந்திச்சி. அது நெஜம். அவங்கள ஒருத்தனும் போட்டோ புடிக்கல. அதுக்கு நாங்க இன்னா பண்றது? இல்லாத பூவுக்கு எங்கள தொரத்தப் பாத்தாங்க. இப்ப இருந்த மனுஷனுக்குத் தப்பான மூஞ்சி. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஒன்று இல்லை என்றும் தோன்றியது. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஆணையர் வரும் நாளில் வருகிறேன் என்றார்.

அனுசூயா இந்த முறை முழுச் சுற்றும் கேட்கவில்லை. நேராக மாளிகையின் பின்பக்கம் வந்தார். நல்ல வெயில். சந்துக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஜபருல்லா அவரிடம் கண்ணாடியைக் கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டு, கிளிஞ்சல் சலிக்கும் பெண்ணை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டபடியே, பவுனம்மாள் நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பினார். அங்கே அவருக்கு என்ன தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது.

விடுதிக்காரர்களின் வழக்கறிஞரால் அந்தக் காட்சியை மறுக்க முடியவில்லை. கண்ணாடியை நம்பலாம் என்று அவர்தான் ஒரு வருடமாக வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஜபருல்லா சார்" என்றார் ஆணையர். "கழட்டணுமா?"

கேள்வி மெதுவாகத்தான் வந்தது. பவுனம்மாள் ஜபருல்லாவைப் பார்க்கவில்லை. தன் வாசல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் ஒருவேளை அவர் வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாம்.

"வேணாம் மேடம்" என்றார்.

ஆணையர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு சந்துக்குச் சாதகமாக வந்தது. அன்று தெருவை அடைத்துச் சமைத்தார்கள்; ஜபருல்லாவுக்கும் சொல்லியனுப்பினார்கள். போனார், சாப்பிட்டார். மங்கல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரக் கேட்கும் மனுவை அவர் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை. அந்த வருடத்திலேயே, கோயம்புத்தூரிலும் கும்பகோணத்திலும் இதே மாதிரி காட்சியை வைத்துச் சிலர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட செய்தி வந்தது. அவற்றில் எது ஊகம், எது உண்மை என்று கேட்க அங்கே ஆள் இருந்ததா என்று செய்தியில் இல்லை.

நிறுவனம் ஜபருல்லாவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சுண்ணாம்புச் சந்துதான் இப்போது சுற்றிலேயே பிரபலமான இடம். அதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று மேலாளரே போன் செய்தார். வீட்டில் மகளுக்குக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை அவள் எடுக்காமல் நின்றாள். பிறகு அவர் அருகே வந்து, "சார், அந்தக் காலத்துல இவங்கள யாரு போட்டோ எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

ஜபருல்லா சந்தைப் பார்த்தார். பவுனம்மாள் தையலை நிறுத்தியிருந்தாள். இயந்திரத்தின் சத்தம் நின்றதில்தான் அவருக்கு அது தெரிந்தது.

"அடுத்த கட்டடத்துக்குப் போலாம்மா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கோபுரத்தின் பக்கம் முன்னால் நடந்தார். கூட்டம் பின்னால் வந்தது. அந்தப் பெண் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அங்கேயே நின்றாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை.